கோல்மன் ஏறிய படகு

கில்டோனா,
3 மார்ச் 1937

அன்புத் தங்கை அட்ராக்டாவுக்கு,

மாப்பிள்ளை கோல்மனை அடக்கம் செய்து ஆறு வாரம் ஆகிறது. நீ ஒரு வரிகூட எழுதவில்லை. பிள்ளைகளின் இருமல் தேவலையா? தீவுக்கு வரும் தபால் படகுக்காரரிடம் வெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நேற்று மாப்பிள்ளை கடலில் போன அந்தப் படகு கரை ஒதுங்கியது. என் பட்டறைக்குத் தூக்கி வந்துவிட்டேன். அதை நினைத்து மனதை வருத்திக்கொள்ளாதே. கடல் செய்ததற்கு யாரை நோவது?

உன் அண்ணன்,
ஃபெஸ்டஸ்

தீவு,
11 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெண்ணெய் வந்தது. கடைக்காரி என் முகத்துக்கு நேரே, "சந்தையில குடிச்சுட்டுத் துடுப்புப் போட்டிருக்கான் உன் புருஷன். கடலைக் குத்தம் சொல்லி என்ன?" என்றாள். பள்ளியிலும் அதே பேச்சு. பெரியவள் ஓனா போகமாட்டேன் என்கிறாள்.

அவர் குடியை விட்டு இரண்டு வருடம். அத்தையும் நானும் சொன்னால் யார் நம்புகிறார்கள்? படகைத் தூக்கி வந்ததாக எழுதினாய். அதில் என்ன பார்த்தாய் என்று எழுதவில்லை. நீ கட்டிய படகு அது. உண்மையைச் சொல்.

அட்ராக்டா

கில்டோனா,
29 மார்ச்

தங்கச்சி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

படகின் முன்புறம் ஒரு வளைசட்டத்தின் மரத்தில் கணு இருந்தது. வளைக்கும்போதே அது விரிசல் விட்ட சத்தம் கேட்டது. மாற்ற ஒரு நாள் ஆகும். மாப்பிள்ளை, "அவசரமில்ல மச்சான், நாளைக்கு வர்றேன்" என்றுதான் சொன்னார். அவசரம் எனக்கு. மறுநாள் குதிரைப் பந்தயத்துக்குப் போக ஆசை. அப்படியே சட்டங்களின் மேல் கித்தானைப் போர்த்தித் தார் பூசிவிட்டேன். அந்தச் சட்டம்தான் முறிந்து கித்தானைக் கிழித்திருக்கிறது.

ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் எல்லோர் முன்பும் சொன்னேன்: "கோல்மன் குடிக்கல. கெட்ட சட்டம்னு தெரிஞ்சே நான்தான் வச்சுக் கட்டினேன்." பங்குச் சாமி தொப்பியைக் கழற்றினார். திங்களன்று இரண்டு பேர் வந்து, கட்டச் சொல்லியிருந்த படகு வேண்டாம் என்றார்கள்.

மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு முறை வந்து உன்னைப் பார்க்கட்டுமா?

ஃபெஸ்டஸ்

தீவு,
6 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

கடிதத்தை அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டினேன். அத்தை அழுதுவிட்டு, "என் பையன் பேரு தப்பிச்சுது" என்றாள். இன்று ஓனா பள்ளிக்குப் போனாள்.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதற்காக அத்தை நன்றி சொல்லச் சொன்னாள். நானும் சொல்கிறேன்.

ஆனால் வர வேண்டாம், அண்ணா. வந்தால் உனக்குத் தட்டு வைக்க வேண்டும். என்னால் முடியாது.

பிள்ளைகள் வளர்ந்து, அவர்களாகவே உன்னைத் தேடி வந்தால் கதவைத் திற.

அட்ராக்டா