அண்ணன் பாடிய அறம்

ஆப்பிரிக்கக் கரையின் ஹத்ருமேட்டும் துறைமுகத்திலிருந்து ஹெரேனியா, ரோமில் இருக்கும் தன் அண்ணன் அவுலுஸுக்கு எழுதுவது. நீ நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். நான் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டேன்.

நான் கெஞ்சிக் கேட்டபடி நீ அனுப்பிய வாழ்த்துப் பாட்டு எண்ணெய்க் கப்பலில் வந்து சேர்ந்தது. அதை வைத்து என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் முன், அதுவரை இந்த வீடு எப்படி இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆளுநரைக் கேலி செய்து நீ பாடியதை என் கணவர் கலாவியுஸ்தான் காட்டிக்கொடுத்தார் என்று நம்புகிறாய். நானும் அவரைக் கேட்டேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தங்கை புருஷன் சாகட்டும் என்று நீ அறம் பாடினாய். ரோமில் நீ பாடியது கடல் தாண்டி இங்கே வந்துவிட்டது. குளியல் கூடத்தில் முதுகு தேய்ப்பவர்கள்கூட மனப்பாடமாகச் சொன்னார்கள்.

முதலில் அவர் சிரித்தார். விருந்துக்கு வந்தவர்களுக்கு அவரே பாடிக் காட்டினார். "என்னைக் கொல்லறதுக்கு என் மச்சான் பழங்கதை எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வந்துட்டான். ஒரு ஆளுக்கு ஒரு சாவு போதாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வேட்டைக்காரன் ஆக்தையோனைப் போல வளர்த்த நாய்களாலேயே கிழிபட்டுச் சாவாய் என்று பாடியிருந்தாய் அல்லவா? ஆலிவ் பறிக்கும் காலத்தில் அவருடைய வேட்டை நாய் அவர் கையைக் கடித்தது. முள் தைத்த அதன் காலைத் தொட்டார், கடித்தது, அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்தேன். ஆனாலும் எல்லா நாய்களையும் கொல்லச் சொன்னார். உன் பாட்டில் குதிரைகள் இழுத்துப்போய்ச் செத்தவன் ஒருவன் வருகிறான். அதனால் குதிரைகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பிறகு நம் தோப்பு ஓரத்துக் கல்லறையில் ஓர் ஈயத்தகடு கிடைத்தது. உன் வரிகளை யாரோ அதில் கீறி, அவர் பெயர்மேல் ஆணி அறைந்து, செத்தவர்களிடம் ஒப்படைத்துப் புதைத்திருந்தார்கள். அவருக்கு வேண்டாதவர்கள் இந்த ஊரில் நிறைய. உன் பாட்டு அவர்கள் கைக்குப் போய்விட்டது அண்ணா. இனி நீயே விரும்பினாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது.

அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. பாட்டில் அடுத்து என்ன கதை வரும் என்று என்னைக் கேட்பார். தெரியாது என்பேன். இருவருக்கும் தெரியும். கடலெல்லாம் தாண்டி வீடு திரும்பிய யுலிசஸை, எங்கோ வளர்ந்த அவன் மகன் அப்பன் என்று தெரியாமல் ஈட்டியால் குத்தினான். உன் ரத்தமும் உன்னை அப்படித் தேடி வரட்டும் என்று முடித்திருக்கிறாய். அதை எழுதும்போது நான் வயிற்றுப்பிள்ளைக்காரி என்று உனக்குத் தெரியாது. அப்படித்தான் நம்புகிறேன். நம்பாவிட்டால் உனக்கு எழுத என் கை ஓடாது.

அந்த அறத்தை முறிக்கும் என்று நான் கேட்டு வாங்கிய உன் வாழ்த்துப் பாட்டை அவருக்கு வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். "திட்டும்போது உன் அண்ணன் நாக்குல தெய்வம் நின்னுச்சு, ஹெரேனியா. இதுல அவன் மட்டும்தான் இருக்கான்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பையன் பிறந்தான். மருத்துவச்சி அவனைக் கழுவி, அவர் காலடியில் தரையில் வைத்தாள். நம் அப்பா நம்மைக் குனிந்து தூக்கி, என் பிள்ளை என்று சொன்னதை அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அப்படி இவரும் தூக்குவார் என்று காத்திருந்தேன். குனியவும் செய்தார். முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஊருக்கு வெளியில வச்சிட்டு வந்துடுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அழுதுகொண்டிருந்தார்.

பால் கொடுக்க வைத்திருந்த அம்மியாதான் எடுத்துப் போனாள். நான் சொன்னபடி, வேண்டாத பிள்ளைகளைப் போடும் குப்பைமேட்டுக்குப் போகவில்லை. கப்பல் கிளம்பும்வரை மீனவர் வீட்டில் ஒளிந்திருந்தாள். நரி தூக்கியிருக்கும் என்று அவர் நினைக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நானும் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்தவள் அம்மியா. அவள் கையில் இருப்பவன் என் மகன்.

அண்ணா, அந்தக் கதையில் மகன் பகையால் கொல்லவில்லை. தூரத்தில் வளர்ந்தான், தெரியாமல் கொன்றான். இவனைத் தூரத்துக்கு அனுப்பியவள் நான். நீ பாடியதற்கு வழி திறந்துவிட்டேனோ என்று நடுங்குகிறேன். அதனால், பேச்சு வரும் முன்பே அவனிடம் சொல்லத் தொடங்கு. அப்பா யார், எந்த ஊர், எப்படி அழுதார் என்று சொல். உன் கோபத்தை மட்டும் அவனுக்கு ஊட்டிவிடாதே. என்றாவது அவன் இங்கே வந்தால் வெறுங்கையோடு வரட்டும்.

தெய்வங்கள் உன் நாவைக் காக்கட்டும். அம்மியா அவனை உன் காலடியில், தரையில் வைப்பாள். குனிந்து தூக்கிக்கொள்.

உன் தங்கை,
ஹெரேனியா