அம்மி இருந்த இடத்தில் அவ

புதன். விடிஞ்சதுலேருந்து சாரல். துணி ஒண்ணும் காயலை.

இன்னைக்கு வீட்ல இருந்தவங்க: நான், மருமக பேச்சி, பேத்தி உலகம்மா, குத்தாலக் குளியல் சாக்குல மேலகரத்துலேருந்து வந்து உக்காந்திருக்க என் நாத்தனா குழல். மகன் வேலைக்குப் போயாச்சு. போகுமுன்ன அம்மிய நடுவீட்டுக்குத் தூக்கி வச்சான்.

அம்மி உலகம்மா படிப்புக்கு. கண்ணாடி நார்த்துணி, சணல் துணின்னு மாத்தி மாத்தி அடுக்கி, பசை தடவித் தகடு செய்யுதா. பசையில கருப்புப் பொடி. கார்பன் நானோ டியூப். அம்புட்டும் குழாயாம், தலைமுடிய விட ரொம்ப ரொம்ப சன்னம். அதுக்குள்ள என்ன ஓடும்னு கேட்டேன். சிரிச்சா.

பொடி போடாத தகடு போன வாரமே இதே அம்மிக்கு அடியில ஆச்சு. இது பொடி போட்டது. ரெண்டையும் கீத்தா அறுத்து மிஷின்ல வளைக்கணும், எது தாங்குதுன்னு. திங்கக்கிழமை காலேஜ்ல காட்டணும். பொடி தீந்துபோச்சு. இது கெட்டா படிப்பு அடுத்த வருஷம்தான்.

தகட்டு மேல மணை, மணை மேல அம்மி. "பசை இறுகுத வரைக்கும் யாரும் தொடக் கூடாது ஆச்சி"ன்னுட்டு உலகம்மா கடைக்குப் போனா. பேச்சி ரேஷனுக்கு. நான் கொஞ்சம் கண்ணசந்தேன்.

முழிச்சா தேங்காத் துவையல் வாசம். குழல் அம்மியச் சரிச்சு எறக்கி அரைச்சுக்கிட்டிருக்கா.

"மிக்சியில அரைச்சா அது துவையலா மதினி?"

உலகம்மா வந்து பாத்தா. தகடு ஓரம் தூக்கிக்கிச்சு. மூணு பேரும் புடிச்சும் அம்மி மணை மேல ஏறலை.

"ஏட்டி குழலு, கையக் கழுவிட்டு வந்து மணையில உக்காரு."

"நானா?"

"அம்மிய எறக்குனது யாரு?"

உக்காந்தா. மகன் வந்து அம்மியத் தூக்கி வைக்குத வரைக்கும். டிவி போட்டோம். குழல் சிரிச்சா மணை குலுங்குதுன்னு உலகம்மா அழுகை நாடகமா மாத்திட்டா. காப்பியும் அங்கனயே.

எனக்கு மனசு குளுந்துச்சு. என் கல்யாணத்துல இதே அம்மிய மிதிக்கும்போது, "மதினி கால் வச்சதும் அம்மியவே காணோமே"ன்னு பந்தலையே சிரிக்க வச்சவ.

வியாழன். சாரல் விடலை. தகடு மட்டமா வந்திருக்கு. உலகம்மா சாப்பிட்டா. குழலுக்கு இடுப்பு வலியாம். தைலம் இல்லேன்னுட்டேன். பேச்சி எடுத்துக் கொடுத்துட்டா.

திங்கள். வெயில். புளி காயப் போட்டாச்சு.

உலகம்மா வாசல்லயே சிரிச்சுக்கிட்டு வந்தா. பொடி போடாத கீத்து படக்குன்னு போச்சாம். பொடி போட்டது வில்லா வளைஞ்சு, நல்லாத் தாங்கி, அப்புறந்தான் முறிஞ்சுதாம். "எந்தப் பிரஸ்ல வச்சு அமுக்குனே?"ன்னு சார் கேட்டாராம். "எங்க குழல் ஆச்சி சார்"னுருக்கா!

அதோட நிக்கலை. முறிஞ்ச கீத்து ஒண்ணக் குழல் கையில கொடுத்தா. அது பொடியோட பலம்ட்டின்னு நான் சொன்னேன். யாரு கேக்கா.

செவ்வாய். குழல் ஊருக்குப் போயாச்சு. பஸ் ஏத்திவிடப் போன பேச்சி வந்து சொல்லுதா, கண்டக்டர்ட்ட வரைக்கும் கீத்தக் காட்டுனாளாம். "எங்க மதினி வீட்டு அம்மி அமுக்குனது படக்குன்னு போச்சு. நான் உக்காந்தது நின்னுச்சு!"

நான் மிதிச்ச அம்மி. அது தோத்துப்போச்சுங்கா.

துவையல் நல்லாத்தான் இருந்துச்சு. அது வேற. மன்னிக்க மாட்டேன். எனக்கு எதுவும் மறக்காது, இருந்தாலும் பேரை எழுதி வைக்கேன்: குழல்வாய்மொழி.