நிரைக்கு ஒரு வேர்ச்சொல்

1 ஜூலை 2025, செவ்வாய்

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் தொடங்கியிருக்கும் ஆங்கில வகுப்பில் நான் சேர்ந்தது கறிபாப்புக்காக. டீச்சர் நாடியா, பக்கத்து டவுன் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹாஜா மைதீனின் மகள். மசாலா உருளைக்கிழங்கு உள்ளே வைத்துப் பொரித்தது, அப்பா கடையிலிருந்து தட்டு நிறையச் சூடாகக் கொண்டுவந்திருந்தாள். மூன்று தின்றேன். இன்னொன்றுக்குக் கை நீட்டும்போது, “பேரு என்னக்கா?” என்று கேட்டுப் பதிந்துகொண்டாள். வாயில் கறிபாப்போடு “பாஞ்சாலை” என்றேன். இனி எங்கே ஓடுவது?

8 ஜூலை, செவ்வாய்

மனப்பாடம் கிடையாதாம். ஆங்கிலத்தில் நீளமான சொற்கள் எல்லாம் பழைய கிரேக்கச் சொல், லத்தீன் சொல் இவற்றை ஒட்டிச் செய்தவையாம். “ஒரு வேரு தெரிஞ்சா அது கிளைக்கிற சொல்லு எல்லாம் புரியும்க்கா” என்றாள் நாடியா. தெர்மோ என்றால் சூடு. மீட்டர் அளப்பது. ஹைட்ரோ தண்ணீர். ஃபோபியா பயம்.

எழுந்து நின்றேன். “அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஹைட்ரோஃபோபியா, டீச்சர். இந்தக் குளிருல ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் குளிப்பாரு.”

மண்டபமே சிரித்தது. நாடியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெயரை ஏற்கனவே வெறிநாய்க்கடி நோய்க்கு வைத்துவிட்டார்கள் என்றாள்.

வீட்டில் சொன்னேன். வேலப்பன் கொழுந்து லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். “கடிக்கிறது யாருன்னு தோட்டத்துக்கே தெரியும்லா” என்றார். இன்று அவருக்குத்தான் வெற்றி.

15 ஜூலை, செவ்வாய்

தொழிற்சாலையைச் சுற்றுப்பயணிகளுக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டுமாம். தோட்டத்து ஆளே போதுமாம். மானேஜர் துரை ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார், பதில் சொல்ல வேண்டும்.

என் முழங்கால் இனி மலையேறிக் கொழுந்து வெட்ட ஆகாது. கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால் சமதளத்தில் நடக்கலாம். கிடைக்காவிட்டால் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். உட்கார்ந்து? யாரோடு பேசுவேன்? யாரைக் கிண்டல் பண்ணுவேன்? சுவரையா?

ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு ஆசையைப் பார். ஆனாலும் பெயர் கொடுத்துவிட்டேன்.

16 ஜூலை, புதன்

பக்கத்துத் தேயிலை நிரையில் வெட்டும் இராசம்மா, சொல் படிக்க வழி கண்டுபிடித்தாள். நிரைக்கு ஒரு வேர்ச்சொல். கொழுந்து வெட்டும் கத்தரியை ஒரு தடவை மூடினால் ஒரு சொல் சொல்ல வேண்டும்.

என் நிரைக்குப் ‘போர்ட்’, அதாவது சுமப்பது. எக்ஸ்போர்ட், வெட்டு. இம்போர்ட், வெட்டு. டிரான்ஸ்போர்ட், வெட்டு.

“சுமக்கிறதுக்குத்தான் போர்ட்டா? அப்ப இந்த முதுகு மூட்டைக்கு நாமதான்லா போர்ட்டரு” என்றாள் இராசம்மா.

அவள் நிரைக்கு ‘மானுஸ்’, கை. மானேஜர் என்ற சொல்லுக்குள்ளும் கை இருக்கிறதாம்.

“கையெழுத்துப் போடுற கையாடி அது?” என்றேன்.

“பின்ன? கொழுந்து வெட்டுற கையா?”

கீழேயிருந்து கங்காணி சத்தம் போட்டார். “என்னாங்கடி மந்திரம் ஓதுறீங்க?”

“மழைய வரச் சொல்றோம், கங்காணி.”

கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. அப்போதிலிருந்து எங்களிடம் மரியாதையாகப் பேசுகிறார்.

28 ஜூலை, திங்கள்

முழங்கால் வீங்கிவிட்டது. ஆனால் நான்கு நிரைச் சொற்கள் கைவசம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

நாடியா என்னை முன்னால் நிறுத்தினாள். “துரை கேக்கிற மாதிரி கேக்கிறேன், சொல்லுங்கக்கா.”

ஒன்றும் வரவில்லை. ஒரு சொல் வரவில்லை. மலையில் அருவியாகக் கொட்டினதெல்லாம் எங்கே போச்சு? ஊரையே வாயாலே வறுக்கிறவ, வாயைத் தொறந்துகிட்டு நிக்கிறேன். இராசம்மா கூடச் சிரிக்கல. அதுதான் ரொம்ப வலிச்சுச்சு.

கறிபாப் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தேர்வு. போகத்தான் வேண்டுமா?

8 ஆகஸ்ட், வெள்ளி

போனேன்.

மானேஜர் குகனேஸ்வரன் எதிரே உட்காரச் சொன்னார். கொழுந்து எப்படித் தேயிலைத் தூள் ஆகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மண்டபத்தில் நின்ற அதே நிலைமை. கை மடியில் சும்மா கிடந்தது, வாயும் சும்மா கிடந்தது. 

மேசை மூலையில் தொட்டிச் செடி ஒன்று, புசுபுசுவென்று. பேனாக் கிண்ணத்தில் ஒரு கத்தரிக்கோல். அதை எப்போது எடுத்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. ஒரு வெட்டு, ‘தெர்மோமீட்டர்’ வந்தது. இன்னொரு வெட்டு, ‘டிஹைட்ரேட்’ வந்தது. அப்புறம் நிற்கவில்லை. மெனுஃபேக்சர் என்றால் கையும் செய்வதும் சேர்ந்தது, இன்று இயந்திரம் செய்தாலும் சொல்லுக்குள் கைதான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

முடித்தபோது செடி, தேயிலைப் புதர் மாதிரி தலை மட்டமாக நின்றது.

துரை செடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தமிழுக்கு வந்துவிட்டார். “அக்கா, அது என் ஒய்ஃப் வாங்கிக் குடுத்தது.”

“நல்லா தழைக்கும் துரை. கவாத்துதான் பண்ணியிருக்கேன்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா? கேட்க முடியுமா? திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

11 ஆகஸ்ட், திங்கள்

காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். வேலப்பன். திங்கட்கிழமையில், பச்சைத் தண்ணீரில். நடுங்கிக்கொண்டே திருநீறு பூசி, கோயிலுக்குப் போய்விட்டு லோரிக்குப் போனார். இன்றுதான் தேர்வு முடிவு சொல்கிற நாள். நான் கிண்டல் பண்ணவில்லை.

சாயங்காலம் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி வந்து, புது வேலைச் சட்டைக்கு என் அளவு கேட்டார்.

18 ஆகஸ்ட், திங்கள்

முதல் குழு. கோலாலம்பூரிலிருந்து ஒரு பேருந்து. விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டக்கூடாது, பின்பக்கமாக நடந்தபடி விளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே நடந்தேன். இலை வாட்டும் அறையில், நான் நினைத்ததைவிடச் சற்று முன்னாலேயே, இலை பரப்பிய நீளத் தொட்டி வந்துவிட்டது. இலைமேல் உட்கார்ந்தேன். கால் இரண்டும் மேலே இருந்தன. அது தெர்மோமீட்டரைக் காட்ட வேண்டிய இடம். கைக்கு எட்டியது. காட்டினேன். ஓர் அம்மா படம் எடுத்தார். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். இலையில் என் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதை மட்டப்படுத்திவிட்டு, அடுத்த குழுவை அழைத்துவரப் போனேன்.