அப்பா கண் திறந்த படம்

என் தங்கச் சிட்டுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். கால் வீக்கம் வடிந்ததா? உட்காரும்போது காலைத் தொங்கப் போடாதே, ஸ்டூலில் தூக்கி வை என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன், செய்கிறாயா என்று மாப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும், உன்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவாய். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அப்படி இல்லை இப்படி என்று வரிக்கு வரி திருத்துவார். இது நான் செய்த காரியம், நான்தான் சொல்வேன்.

எனக்கு விசா வந்துவிட்டது, அப்பாவுக்குக் கொஞ்சம் தாமதம் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன் இல்லையா, தாமதமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அவர் விண்ணப்பத்தையே கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளவில்லை. போட்டோவில் கண் மூடியிருக்கிறதாம். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. மாசக் கடைசிக்குள் சேர்க்காவிட்டால் உன் பிரசவத்துக்குள் அப்பா வந்து சேர முடியாது. சொன்னால் இந்த நேரத்தில் நீ கலங்குவாய் என்றுதான் மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஸ்டூடியோக்காரர் பாவம், பதினோரு தடவை எடுத்துப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் வெல்டிங் பட்டறையில் நின்ற மனுஷன், பொறி பறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே கண்ணை மூடிப் பழகிவிட்டார். ரெடி என்று சொன்னால் போதும், இமை தானாக இறங்கிவிடும், ஃப்ளாஷ் அடித்து முடிந்த பிறகு எடுத்தாச்சா என்று முழித்துப் பார்ப்பார். என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார், நாற்பது படத்திலும் மாப்பிள்ளைக் கோலத்தில் அப்பா தூங்குகிறார். கடைசியில் ஸ்டூடியோக்காரர், வேணும்னா கம்ப்யூட்டர்ல வேற ஒருத்தர் கண்ணை எடுத்து ஒட்டித் தரட்டுமாம்மா என்றார். அட கண்றாவியே, யாரோ ஒருத்தர் கண்ணோடு என் புருஷன் ஊர்விட்டு ஊர் போக வேண்டுமா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கறேன், எனக்கு அங்க என்ன வேலை என்றார். சொல்லிவிட்டு, ஏற்கனவே சுத்தமாக இருக்கிற ஸ்பானர்களை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். மூன்று வருஷமாக நீ வாட்ஸாப்பில் அனுப்புகிற ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்க்கிறவர் சொல்கிற பேச்சா இது?

மறுநாள் வேலையில் நிற்கும்போதுதான் புத்திக்கு எட்டியது. என் வேலை உனக்குத் தெரியுமே, விளக்கு மேஜை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நூல் அறுந்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிற துணியில் ஒற்றை நூலைப் பிடிக்கிறவள், ஓடுகிற வீடியோவில் இவர் திறந்த கண்ணைப் பிடிக்க மாட்டேனா? வீடியோவில் ஃப்ளாஷ் இல்லை, ரெடி இல்லை. அன்றைக்குச் சாயந்திரமே எடுத்தேன், கண் திறந்த இடம் பார்த்து நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், ஆகா முடிந்தது வேலை என்று பார்த்தால் நெற்றி நடுவில் வீடியோவை ஓட்டுகிற அந்த முக்கோணப் பட்டன், கன்னத்தில் அதன் ஓட்டத்தைக் காட்டுகிற கோடு, முகமெல்லாம் மங்கல். போன் ரிப்பேர் கடைப் பெண்ணிடம் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இது போன் திரையோட படம்மா, வீடியோவோட படம் இல்ல என்றாள். வீடியோவை அதிகத் தரத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமாம், போனைக் கையில் பிடிக்காமல் சாய்த்து வைக்க வேண்டுமாம், பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி வேண்டியதை மட்டும் தனியாகச் சேமிக்க வேண்டுமாம். ஒரு நொடிக்குள் முப்பது படம் இருக்கிறது சிட்டு, எனக்கு அது வரைக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலுக்கு எதிரே அப்பாவை உட்கார வைத்தேன். பின்னால் வெள்ளைத் துணியை உன் அத்தை ஸ்டூல் மேல் ஏறிப் பிடித்துக்கொண்டு, கை வலிக்குது அண்ணி, சீக்கிரம் என்று பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். அப்பா சிலை மாதிரி விறைத்து உட்கார்ந்து படபடவென்று இமைக்கிறார். சரி, பேச வைக்கலாம் என்று எதிர் வீட்டுப் பால்கனிக் கம்பி யார் வெல்டிங் பண்ணது, நல்லா இருக்கே என்றேன். அவ்வளவுதான், நல்லா இருக்கா, உனக்குக் கண் இருக்கா என்று பிடித்துக்கொண்டார். கண் நன்றாகத் திறந்தது, ஆனால் வாய் மூடவில்லை. வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கவும் கூடாது என்பது அவர்கள் சட்டம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நீங்க வரலன்னு சொல்லிட்டீங்க, நாளைக்குப் பேரப்பிள்ளை தாத்தா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது, கண்ணைத் திறக்க மாட்டேன்னு வீட்லயே உக்காந்துட்டாருன்னு சொல்லவா என்று கேட்டுவிட்டேன். அப்பா வாயை மூடினார். என்னையே நேராகப் பார்த்தார், இமைக்கவே இல்லை. பிறகு, எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்றார், அதோடு எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

வீடியோவில் இரண்டு நிமிஷம் நாற்பத்தொன்றாவது நொடி அது. ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். முதல் ஒன்றிரண்டில் உதடு சரியாக மூடவில்லை, பின்னால் போகப் போகக் கண்ணில் தண்ணீர் தளும்புகிறது, நடுவில் ஏழாவது படம் சுத்தம். இரண்டு கண்ணும் திறந்து, இரண்டு காதும் தெரிந்து, கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை. அதைச் சேர்த்தோம், கம்ப்யூட்டர் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. நேற்று விசா வந்துவிட்டது! இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு. ஸ்டூடியோக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து எந்தக் கேமராம்மா என்று கேட்டார், என் கண்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதம் கிடைத்த இரண்டு வாரத்தில் நாங்கள் அங்கே இருப்போம். அதுவரை கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளை செய்யட்டும், அவருக்கும் கை கால் இருக்கிறது. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயசு நிறைவாக வாழ வேண்டும், உன் பிள்ளையும் உன்னை மாதிரியே என்னைக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. ஏர்போர்ட்டில் நாங்கள் வெளியே வரும்போது ஆசைப்பட்டுப் போனைத் தூக்கிப் படம் எடுக்காதே, மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. தூக்கினால் அப்பா கண்ணை மூடிவிடுவார். மூன்று வருஷம் கழித்து முதல் தடவை உன்னைப் பார்க்கப் போகிறார், வெறுங்கையோடு நில்.

உன் வரவுக்கு அல்ல, தன் வரவுக்கு நாள் எண்ணும்
அம்மா