மூன்று மணிக்கு இறங்கும் பற்றரி

1986 மாசி 10, திங்கள்

காலையில் பனி. வேலணைக்குச் சைக்கிள் மிதித்துச் சேரும்போது மூக்கு நுனி ஐஸ்பழம். ரேடியோ திருத்தும் கடையில் தூசி தட்டல், ரேடியோவில் திருகுகிற குமிழ் கழுவல். வேலை பழகுகிறவர்கள் நானும் ரவியும். ஈயம் ஒட்டுகிற அயன் ஒன்றுதான். முறை வைத்துப் பிடிக்கிறோம். சனிக்கிழமை அதை ஒருவருக்கே கொடுத்துவிடுவாராம் கடைக்கார அண்ணை. மற்றவருக்குக் குமிழ்தான். அயன் கிடைக்காவிட்டால் அம்மா மறித்துவிடுவா. "தூசி தட்டவோ அங்க போறாய்? அதை வீட்டில தட்டு."

மத்தியானம் படுத்தெழும்பி வந்த அண்ணையின் கண்டுபிடிப்பு: "பொம்பிளைப் பிள்ளையளுக்கு மூண்டு மணியோட பற்றரி இறங்கிப்போம். பாரும், கொட்டாவி."

விட்டது உண்மை. ரவி விடவில்லை. மூன்று மணிக்கு அவனுக்குத் தேத்தண்ணி, எண்ணெயில் பொரித்த வாழைப்பழ வாய்ப்பன் இரண்டு. எனக்கு வாசம் மட்டும்.

12, புதன்

கடைக்குப் பின்பக்கக் குசினியில், அடுப்படியில் வைத்து, அண்ணையின் மனுசியைப் பிடித்தேன். "அக்கா, ஏன் எனக்கில்லை?"

"பெடியனுக்குக் குடு எண்டுதான் சொன்னவர்."

அண்ணை அந்த நேரம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கை. திட்டம்: தட்டு இனி என் பக்கம். அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தா. "நான் ஒண்டும் காணேல்லை, பிள்ளை."

ரவி: "தேத்தண்ணி எங்க?"

"சீனி முடிஞ்சுதாம்."

வாய்ப்பன் உள்ளே போனதும் நான் திருத்திய ரேடியோ பாடத் தொடங்கியது. ரவி கதிரையில் நித்திரை.

13, வியாழன்

அதே கூத்து. ரவி வயரை மாற்றி ஒட்டினான். அண்ணை எழும்பி வந்து அவன் நெற்றியைத் தொட்டார். "காய்ச்சலோ தம்பி?"

நான் கொட்டாவி விட்டால் பிறப்பு. அவன் விட்டால் காய்ச்சல்!

14, வெள்ளி

பிடிபட்டேன். அண்ணை இன்று படுக்கவில்லை. என் வாய் நிறைய வாய்ப்பன்.

"இதென்ன?"

"பற்றரி சார்ச் பண்ணுறன், அண்ணை."

ரவி முறைத்தான். குசினிக்குள்ளிருந்து அக்கா: "அந்தப் பிள்ளையும் காலமை வந்ததுதானே. அதுக்கும் வயிறிருக்கு."

அண்ணை தலையைச் சொறிந்தார். "சரி. நாளைக்கு ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி. குடிச்சிட்டு ஆளுக்கொரு ரேடியோ. அதுக்குப் பிறகு அயன் கதை."

15, சனி

வெயில். இரண்டு கோப்பை, இரண்டு தட்டு. நெடுந்தீவிலிருந்து வந்த இரண்டு ரேடியோ, உப்புக்காற்றில் வயரெல்லாம் பச்சை பிடித்தவை. ரவி தெம்பாக இருந்தான். நல்ல வேலைக்காரன் (இதை வெளியில் சொல்லமாட்டேன்). முதலில் முடித்ததும் அவன்தான். அண்ணை அவன் ரேடியோவில் ஒரு தட்டுத் தட்டினார். ரேடியோ கப்சிப்.

என்னுடையதைத் தட்டினார், குலுக்கினார், கவிழ்த்துப் பிடித்தார். செய்தி வாசிக்கிறவர் தலைகீழாகவும் வாசித்தார்.

"உம்மட ஒட்டு அசையேல்லை," என்றார். அயனை என் பக்கம் தள்ளிவைத்தார்.

ரவி: "திங்கக்கிழமை என்ர வாய்ப்பனிலை கை வைச்சீரெண்டால் தெரியும்."

ஒரு வாய்ப்பனைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா: "ஆர் தந்தது?"

"தந்ததில்லை அம்மா. என்ர பங்கு. அயன் எனக்குத்தான்."

அம்மா முழுவதையும் தின்றா. கையைத் துடைத்தா.

"திங்கக்கிழமை எத்தினை மணிக்குப் போகவேணும்?"