தேங்காயெண்ணெய் போட்ட ரயில்

தென்காசி,
ஆடி 12, 1962.

சிரஞ்சீவி காந்திமதிநாதனுக்கு அப்பா தில்லைநாயகம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் திடமாக இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது அம்மாவுக்கு நீ எழுதும் கடிதங்களிலிருந்தே எனக்குத் தெரியும், அவள் அவற்றை அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு உரக்கப் படிப்பாள், எனக்குக் கேட்கட்டும் என்றுதான். மூன்று வருஷமாக நானும் கேட்காதவன் போல உட்கார்ந்து ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். நீ சீமைக்குப் போன இடத்தில் அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட செய்தி வந்த நாள் முதல் உனக்கு ஒரு கார்டுகூடப் போடாத மனுஷன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ எனக்கென்று அனுப்பிய பொம்மை ரயிலைப் பற்றித்தான். அதில் ஒரு தப்பு நடந்துவிட்டது, செய்தவன் நான்.

பார்சல் தை மாதமே வந்துவிட்டது. நான் பிரிக்காமல் மச்சில் தூக்கிப் போட்டுவிட்டேன். சித்திரையில் வேறு எதையோ தேடப் போன இடத்தில் அது காலில் தட்டியது, சரி, என்னதான் இருக்கிறது என்று பிரித்தேன். சாவி கொடுத்தால் ஓடுகிற இஞ்சின், நாலு பெட்டி, இரண்டு சரக்கு வண்டி, வளைந்த தண்டவாளங்கள். கூடவே மடித்த தாள் ஒன்று, இங்கிலீஷில், உன் கையெழுத்து இல்லை. நீ கட்டிக்கொண்டவள் எழுத்து என்று தெரிந்தது. படிக்காமல் பஞ்சாங்கத்துக்குள் சொருகி வைத்துவிட்டேன். பொய் சொல்வானேன், அன்றைக்கு எனக்கு அவ்வளவு வீம்பு.

பட்டாசாலைக் கூடத்தில் தண்டவாளத்தைப் பூட்டி ஓட விட்டால் இரண்டாவது சுற்றில் வண்டி நடுவில் பிரிந்துவிட்டது. செங்கோட்டையில் முப்பத்தொரு வருஷம் பெட்டிகளைச் சோதித்து மலையேற அனுப்பியவன் நான், என் கையெழுத்துப் போட்ட வண்டி ஒரு நாளும் வழியில் பிரிந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுக்கிக் குறட்டை எடுத்து எல்லாக் கொக்கிகளையும் இறுக்கமாக வளைத்துவிட்டேன். மறுநாள் ரயிலில் கார்டு வேலை பார்த்த தாணு அண்ணாச்சி வந்தார், பெருமையாக ஓட்டிக் காட்டினேன். நேர் பாதையில் நன்றாகப் போனது, வளைவில் முதல் பெட்டி உள்பக்கமாகச் சாய்ந்து விழ, பின்னால் வந்ததெல்லாம் அதன்மேல் ஏறிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டிருக்கும். ஏலே தில்ல, நீ பாஸ் பண்ணுன வண்டில்லா இது, பாதி வண்டி ஆரியங்காவுல கெடக்கு, இஞ்சின் மட்டும் புனலூருக்குப் போவுது என்றார்.

அதற்குப் பிறகு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தினம் காலைக் காப்பி முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். கொக்கிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று அரை நெல் அளவு தொங்கிக்கொண்டிருந்தது. பழைய தபால் கார்டில் அளவு வெட்டி வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். இறுக்கியதைத் தளர்த்தினேன், வளைவில் திரும்பக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பது பெரிய வண்டிக்கும் உள்ளதுதான், ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தேன். சரக்கு வண்டிகள் பஞ்சு போல இருந்தன, அவற்றைப் போய் இஞ்சினுக்கு அடுத்தாற்போல் கோத்திருந்தேன். பின்னால் தள்ளிப் போட்டு ஆளுக்கு எட்டுப் புளியங்கொட்டை ஏற்றினேன். பலகையை வெற்றிலைப் பெட்டிமேல் சாய்த்து ஒவ்வொரு பெட்டியாக உருள விட்டுப் பார்த்தேன், மூன்றாவது மட்டும் சோம்பேறி. அச்சில் அம்மாவின் தலைமுடியும் தலையணைப் பஞ்சும் சுற்றிக் கிடந்தன. ஊசியால் எடுத்துவிட்டு எல்லா அச்சுக்கும் தாராளமாகத் தேங்காயெண்ணெய் விட்டேன். அந்த வெயிலில் பெட்டிகள் பலகையிலிருந்து வழுக்கிக்கொண்டு சுவர் வரை ஓடின. தாணு அண்ணாச்சியை வரவழைத்து ஏழு சுற்று ஓட்டிக் காட்டினேன், அவரே குனிந்து இன்னொரு தரம் சாவி கொடுத்தார்.

இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை, எங்கள் தெருவிலேயே காலையில் போர்வையை விட மனசு வருவதில்லை. பத்து நாளைக்கு முன் வண்டியை எடுத்தால் நகர மாட்டேன் என்கிறது. சாவி முழுக்கக் கொடுத்தும் இஞ்சின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றுகிறது, பெட்டிகள் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊர்ச் சாமான், அந்த ஊர்ப் புத்தி என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். சாமானை மட்டும் சொல்லவில்லை என்பது அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில் உறைந்துபோய், அதை அடுப்போரம் வைத்து இளக்கிக்கொண்டிருந்தாள். நீங்க அவ்வளவு பேரையும் வையுதீங்க, அந்தப் பிள்ள ஒரு காயிதம் வச்சிருந்துச்சே, அத ஒரு நாளாவது பிரிச்சுப் பாத்தீங்களா என்று கேட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தேன். என் அச்சுகளுக்குள்ளும் அதேதான் உறைந்து கிடக்கிறது. அச்சுக்கு எண்ணெய் மாற்றிப் போட்டதற்காகச் செங்கோட்டையில் எத்தனை பேரை நான் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பஞ்சாங்கத்தை எடுத்து அந்தத் தாளைப் படித்தேன். கொக்கியை இறுக்க வேண்டாம், நகக்கனம் தளர்வு இருக்கட்டும் என்று இருந்தது. லேசான வண்டி கடைசியில், அச்சில் முடி சுற்றினால் ஊசி, தையல் மிஷின் எண்ணெய் குண்டூசி முனையில் ஒரே ஒரு சொட்டு. சமையல் எண்ணெயும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் கூடவே கூடாது, குளிரில் கெட்டியாகிவிடும் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தது. மூன்று மாதம் நான் முழங்கால் தேய உட்கார்ந்து கண்டுபிடித்தது எல்லாம் அதில் இருந்தது, கண்டுபிடிக்காததும் இருந்தது. அதை எழுதியவளின் அப்பா ரயில் பெட்டி செய்கிற பட்டறையில் நாற்பது வருஷம் இருந்தவராம், நீ எனக்குச் சொல்லவில்லை, நான் எங்கே சொல்ல விட்டேன். கடைசியில், உங்கள் மகன் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார், உங்களுக்கே நான் எழுதிக் காட்டுவதை மன்னிக்க வேண்டும் என்று முடித்திருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலை தெரிந்த பெண். இதற்கு மேல் நான் யாரையும் புகழ்ந்ததில்லை.

அச்சுகளை மண்ணெண்ணெயில் கழுவி, அம்மாவின் மிஷின் எண்ணெயைச் சொன்னபடி ஒரு சொட்டு வைத்தேன். இப்போது பதினொரு சுற்று ஓடுகிறது. மூன்றாவது பெட்டியின் கொக்கி மட்டும் நான் குறட்டால் வளைத்ததில் ஒடிந்துபோயிற்று, நூலால் கட்டி வைத்திருக்கிறேன். புதுக் கொக்கி ஒன்று வேண்டும், அதைத் தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டு வா, மாட்டத் தெரிந்தவளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நீங்கள் வருவதானால் ஒரு மாதம் முன்பே முறுக்குச் சுட ஆரம்பித்துவிடுவாள். பனியில் வெறும் தலையோடு அலையாதே.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன் நீ ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று செங்கோட்டையில் எனக்கு டியூட்டி. உன் பெட்டிக்குக் கீழே குனிந்து சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன், நீ ஜன்னலிலிருந்து கூப்பிட்டது கேட்டது. நிமிர்ந்தால் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிடுவாய் என்று, சரியாக இருந்த சக்கரத்தையே மறுபடியும் தட்டினேன். வண்டி போய்விட்டது. வரும் தேதியை எழுது, தென்காசி ஸ்டேஷனில் நிற்பேன். இந்தத் தடவை சக்கரத்தைப் பார்க்க மாட்டேன்.

உனக்கும் என் மருமகள் டோரதிக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தில்லைநாயகம்.