இன்சூரன்ஸ்காரர்கள் படிக்க வேண்டிய பக்கம்

அருமை மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் கைகால் ஓடுகிற அளவுக்குச் சுகம்தான், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் தம்பியின் மூத்தவளுக்குப் பல் வைத்தியப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது, இப்போதே என்னை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறாள். சின்னவன் நீச்சலில் கோப்பை வாங்கிவந்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறான், அதை யாரும் துடைக்கக்கூடக் கூடாதாம். உன் தங்கை மகள் வங்கிப் பரீட்சையில் தேறிவிட்டாள். உன் மகன் மேடையில் வயலின் வாசித்த சேதி வந்ததிலிருந்து தெருவில் ஒருத்தரையும் நான் சும்மா போக விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வயிற்றில் பிறந்த நீ, இன்சூரன்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் எந்தெந்தப் புத்தகம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். கேட்கிறவர்களுக்கு வயிறு எரிந்தால் எரியட்டும்.

நீ அனுப்பிய புத்தகம் வந்தது. பென்சிலால் கோடு போட்டிருந்த பாடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன், அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். நம் சலவைக் கடை எரிந்தபோது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தாரே குடைக்காரர், செருப்பில் கரி ஒட்டிக்கொள்ளும் என்று வாசலிலேயே நின்று குடை நுனியால் சாம்பலைக் கிளறினாரே, அந்த மனுஷரேதான் எழுதியிருக்கிறார். பொய் சொல்லி இழப்பீடு கேட்பவர்களைப் பிடிப்பது எப்படி என்று ஒரு பாடம், அதற்கு உதாரணம் உன் அப்பா! பெயர் போடாமல் சலவைக் கடைக்காரர் ஒருவர் என்று எழுதிவிட்டால் நமக்குத் தெரியாதா என்ன. மெஷினெல்லாம் எரிந்துபோனது, வாடிக்கைக்காரர் துணி ஒன்றுகூட எரியவில்லை, தன் சொத்து எரியும்போது எவனும் அடுத்தவன் துணியைக் காப்பாற்ற மாட்டான், ஆகையால் துணிகளை முன்பே வெளியேற்றிவிட்டுத் தானே தீ வைத்திருக்கிறான் என்று எழுதி, தன் முதுகைத் தானே தட்டிக்கொள்கிறார்.

நீ அப்போது விடுதியில் இருந்தாய், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா புகைக்குள் போய்ப் போய் மூட்டை மூட்டையாகத் துணியைத்தான் இழுத்து வந்தார். எதிர்க்கடை மருந்துக்காரர், யோவ், மெஷினைத் தள்ளுய்யா முதல்ல என்று கத்தியிருக்கிறார், அது என்னோடது, இது அடுத்த வீட்டுக்காரங்களோடதுய்யா என்று சொல்லிவிட்டு இவர் மறுபடி உள்ளே ஓடியிருக்கிறார். துணியெல்லாம் ஒரே புகை நாற்றம், நானும் உன் சித்தியும் உள்ளங்கை தோல் உரியத் திரும்பத் துவைத்துத்தான் வீடு வீடாகக் கொடுத்தோம். முன்பே எடுத்து வைத்த துணியில் புகை எப்படி ஏறும்? ஒரே ஒரு சட்டையை எடுத்து அந்த மனுஷர் முகர்ந்திருந்தால் போதும், மருந்துக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இழப்பீடு ஒரு காசும் வரவில்லை, எங்கே போய் முறையிடுவது என்றும் எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா அதே தெருவில் வேறொருத்தர் கடையில் கூலிக்கு இஸ்திரி போட்டார், அண்ணே தீப்பெட்டி இருக்கா என்று அங்கேயும் வந்து கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே மாட்டேன்.

இந்தப் புத்தகத்தைத் தள்ளிவிடவா என்று கேட்டிருக்கிறாய். தள்ளாதே. தள்ளினால் அவர் வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். முதல் புத்தகமாக அதையே வை. அந்தப் பாடத்துக்கு அடுத்து, இதோடு நான் வைத்திருக்கும் தாளை அச்சடித்துச் சேர். மேலே சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், மருந்துக்காரரும் தன் கண்ணால் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புதுப் பிள்ளைகளைப் பார்த்துப் பேச அந்தக் குடைக்காரரைத்தான் அழைத்திருக்கிறார்கள் என்றாயே, மரியாதையாக மேடையேற்றி, அந்தப் பாடத்தை அவர் வாயாலேயே வாசிக்கச் சொல். எல்லோரும் கைதட்டட்டும். தட்டி முடிப்பதற்குள், அடுத்த பக்கத்தையும் நீங்களே வாசிங்க ஐயா என்று கேள். அவர் வாசித்த பிறகு நீ யார் மகள் என்று சொல்.

அப்பாவிடம் இதைச் சொன்னால், விட்டுத்தொலை, அவரும் இப்ப கிழவனாயிருப்பாரு என்கிறார். கிழவனானா கண்ணாடி போட்டுக்கிட்டு வாசிக்கட்டும் என்றேன். உன் வேலைக்கு வில்லங்கம் வருமோ என்று அவருக்குப் பயம், எனக்கும் உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. அதனால் உன் மேலதிகாரியிடம் முதலிலேயே அந்தத் தாளைக் காட்டிவிடு, பொய்யாக ஒரு எழுத்தும் சேர்க்காதே, அந்தக் குடைக்காரர் தலைகுனிய நடந்த உண்மையே போதும்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் தலைநிமிர்ந்து வாழ வேண்டும். எப்போதும் உன் போட்டோ கேட்டு நச்சரிப்பேன், இந்தத் தடவை உன் முகம்கூட வேண்டாம். அந்த இரண்டாவது பக்கத்தை வாசித்துக்கொண்டு அவர் நிற்கும்போது எடுத்த புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பினால் ஆகாது, அப்பா உட்காரும் நாற்காலிக்கு நேரே சுவரில் மாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சலவைக் கடைக்காரர் மனைவி,
உன் அம்மா